மரியோவுக்கு இரண்டு புவியீர்ப்பு

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் மரியோ நின்ற இடத்திலிருந்து குதித்தால் நான்கு செங்கல் உயரம் போவான். ஒரு செங்கல் 16 பிக்சல். ஆகவே சுமார் 64 பிக்சல். உச்சிக்குப் போக ஏறக்குறைய அரை விநாடி ஆகும். கீழே வர அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் போதும். பள்ளிக்கூட இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது. மேலே எறிந்த பந்து ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தையே இறங்குவதற்கும் எடுத்துக்கொள்ளும். காற்றின் தடையையும் கணக்கில் சேர்த்தால் இறங்கத்தான் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மரியோ இதற்கு நேர்மாறு. 1985 முதல் கோடிக்கணக்கானவர்கள் இந்தத் தாவலைப் பார்த்துவிட்டோம். அதில் பொய் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

விஷயம் இதுதான்: மரியோவுக்கு இரண்டு புவியீர்ப்பு. ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி மேலே போகும்வரை ஒன்று. பட்டனை விட்டதும், அல்லது உச்சியைத் தொட்டுத் திரும்பியதும், இன்னொன்று. இரண்டாவது, முதலாவதைப்போல மூன்றரை மடங்கு. காளான் தின்று வளர்ந்த மரியோவின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஏறும்போது அவனைக் கீழே இழுக்கும் விசை பூமியில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு வருகிறது. வியாழன் கோளில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு. இறங்கும்போது ஏழரை மடங்கு. அப்படி ஒரு கோள் நம் சூரியக் குடும்பத்தில் இல்லை.

இப்படிச் செய்ததற்குக் காரணம் விளையாடுபவரின் விரலில் இருக்கிறது. பட்டனைத் தட்டிவிட்டு உடனே விட்டால் பெரிய ஈர்ப்பு சட்டென்று பிடித்துக்கொள்ளும், மரியோ சின்னதாக ஒரு துள்ளு துள்ளி இறங்கிவிடுவான். அழுத்திப் பிடித்தால் முழு உயரம். எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம். ஆக, கிளம்பிய பிறகும் தாவலின் உயரம் நம் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. நிஜ உலகில் கால் தரையைவிட்டு எழும்பிய கணத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நடுவானில் மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. மரியோ நடுவானில் மனம் மாறலாம், திசையும் திரும்பலாம். மேலே இருக்கும்போது, எங்கே இறங்குவது என்று பார்க்க நமக்கு அவகாசம் வேண்டும். அதனால் மெதுவாக ஏறுகிறான். இறங்குமிடத்தை முடிவு செய்துவிட்ட பிறகு காத்திருப்பது எரிச்சல். அதனால் வேகமாக விழுகிறான். நியூட்டனைவிட விளையாடும் பிள்ளையின் பொறுமையைத்தான் இந்த ஆட்டம் நன்றாக அளந்திருக்கிறது.

ஆட்டம் ஓடிய கருவி இதை எப்படிக் கணக்கிட்டது என்பது இன்னும் ருசியான சங்கதி. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்குள் இருந்தது 6502 என்ற 1975-ஆம் ஆண்டுச் செயலியின் வழிவந்த சில்லு. அதற்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். பெருக்கவும் வகுக்கவும் கட்டளையே கிடையாது. பின்னமும் தெரியாது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எண்ண முடியும். எனவே மரியோவின் வேகத்தை இரண்டு பைட்டுகளில் வைத்தார்கள்: ஒன்றில் முழு எண், மற்றதில் 256-இல் இத்தனை பங்கு என்ற மிச்சம். திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம். மரியோ கிளம்பும்போது வேகம் ஃபிரேமுக்கு 4 பிக்சல். அவன் ஏறும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மிச்ச பைட்டில் 32 கூட்டப்படும். எட்டு ஃபிரேம் ஆனதும் 256 சேர்ந்து பைட் நிரம்பி, ஒன்று அடுத்த பைட்டுக்குப் போகும். அதாவது எட்டு ஃபிரேமுக்கு ஒரு பிக்சல் வீதம் வேகம் குறைந்து, 32 ஃபிரேமில் மரியோ உச்சியில் நிற்பான். இறங்கும்போது 32-க்குப் பதில் 112. ஈர்ப்பு விசை முழுவதும் இந்த ஒரு கூட்டலுக்குள் அடக்கம். விழும் வேகம் 4 பிக்சலை ஒட்டியே நிறுத்தி வைக்கப்படும். இல்லாவிட்டால் கண்ணால் தொடர முடியாது. ஒரே ஃபிரேமில் தரையை ஊடுருவிப் போய்விடும் ஆபத்தும் உண்டு.

ஓடிவந்து குதித்தால் எண்கள் மாறும். கிளம்பும் வேகம் 5 பிக்சலாகும். நான்கு செங்கல் உயரம் ஐந்தாகிவிடும். கையில் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்த பிள்ளைகள் இந்த ஒரு செங்கல் வித்தியாசத்தைக் கணக்குத் தெரியாமலே கற்றுக்கொண்டார்கள். உயரமான குழாய்க்கு முன்னால் நாலு அடி பின்வாங்கி ஓடிவருவதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆட்டத்தை வெளியிட்ட நின்டெண்டோ, 1889-இல் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி தொடங்கிய சீட்டுக்கட்டுக் கம்பெனி. ஹனாஃபுடா எனப்படும் பூச்சீட்டுகள் செய்து விற்றார்கள், இன்றும் செய்கிறார்கள். பிறகு பொம்மை, பிறகு மின்னணு ஆட்டம். ஒன்றேகால் நூற்றாண்டைத் தாண்டிய இந்தக் கம்பெனியின் வரலாற்றை முழுதாகச் சொல்ல இங்கே இடமில்லை. 80-களில் அது வெளியிட்ட பழைய ஆட்டங்கள் எதற்காக இன்னும் பலருக்குப் பிடித்துப்போகின்றன என்று யோசித்தால், ஒரு விடை எனக்குத் தென்படுகிறது. அந்தக் கருவிகளில் இடம் மிகமிகக் குறைவு. இடத்தை மிச்சம்பிடிக்கச் செய்த வேலையும் ஆட்டத்தை அழகாக்கச் செய்த வேலையும் ஒரே வேலையாக இருந்தன.

முதலில் மரியோவின் முகம். 1981-இல் ஷிகெரு மியாமோட்டோ 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக அவனை வரைந்தபோது கைவசம் இருந்தது 16-க்கு 16 பிக்சல் சதுரம், மூன்றே நிறங்கள். அதில் வாய் வரைந்தால் எடுபடாது. பெரிய மூக்கும் மீசையும் வைத்தால் வாய் தேவையில்லை. தலைமுடி வரைவது கடினம், காற்றில் அது அசையவும் வேண்டும். தொப்பி போட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம். கை அசைவது தெரிய வேண்டுமானால் சட்டையும் உடம்பும் வேறுவேறு நிறமாக இருக்க வேண்டும். தோள்பட்டை வார் வைத்த கால்சட்டை வந்தது. உலகம் முழுக்க அடையாளம் தெரிகிற ஒரு முகம், பிக்சல் தட்டுப்பாட்டில் பிறந்தது.

1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஃபேமிகாமில் வேலை நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கு என்று தனியாக இன்னொரு 2 கிலோபைட். திரையோ 256-க்கு 240 பிக்சல். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் தனித்தனியாக எழுதிவைத்தால், நான்கு நிறத்துக்குள் முடித்துக்கொண்டாலும்கூட 15 கிலோபைட் வேண்டும். இருப்பது இரண்டு. எனவே பிக்சல் கணக்கையே விட்டுவிட்டார்கள். கோலப்புள்ளிகள் மாதிரி திரையை 32-க்கு 30 கட்டங்களாகப் பிரித்து, 8-க்கு 8 பிக்சல் அளவில் முன்கூட்டியே வரைந்த சிறு சித்திரங்களை அந்தக் கட்டங்களில் பதித்தார்கள். இதற்கு டைல் என்று பெயர். எந்தக் கட்டத்தில் எத்தனையாவது டைல் என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 960 கட்டத்துக்கு 960 பைட். நிறத் தொகுதிக்கு இன்னொரு 64 பைட். மொத்தம் 1024, கச்சிதமாக ஒரு கிலோபைட். இரண்டு கிலோபைட்டில் இரண்டு திரைகள் அடங்கும். மரியோ ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கு வலப்பக்கம், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அடுத்த பகுதி பத்தி பத்தியாக எழுதப்பட்டுக்கொண்டே வரும். எழுத இடம் எங்கிருந்து கிடைக்கிறது? இடப்பக்கம் கடந்துபோன பகுதியை அழித்துவிட்டுத்தான். இந்த ஆட்டத்தில் மரியோ முன்னால்தான் போகலாம், விட்டுவந்த இடத்துக்குத் திரும்ப முடியாது.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். கட்டளைகளுக்கும் மரியோ கடக்கும் கட்டங்களின் அமைப்புக்கும் 32, சித்திரங்களுக்கு 8. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். அந்த 8 கிலோபைட்டில் 512 டைல்கள்: பின்னணிக்குப் பாதி, நகரும் உருவங்களுக்குப் பாதி. எதையும் இரண்டு முறை வரைய வழியில்லை. வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் நிற்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே சித்திரம். வெள்ளைத் தொகுதியை எடுத்துவிட்டுப் பச்சையைப் போட்டால் மேகம் புதராகிவிடும். கூம்பா என்கிற அந்தக் காளான் தலைப் பயல் இடதும் வலதும் அசைந்து நடப்பதாகத் தோன்றுகிறதே, அவனுக்கு நடக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி மாற்றித் திருப்பிக் காட்டுகிறார்கள். ஆட்டம் ஏறக்குறைய முடிந்த நிலையில், சுலபமாகச் சாகக்கூடிய ஓர் எதிரி வேண்டும் என்று தோன்றி, மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் அவனை நுழைத்தார்கள். இத்தனைக்கும் முதல் கட்டத்தில் நாம் முதலில் சந்திப்பது அவனைத்தான்.

கட்டங்களின் அமைப்பு இன்னும் சிக்கனம். மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வரைபடத் தாளில் வரைந்த கட்டங்களை அப்படியே பதிவு செய்யவில்லை. 'இந்த இடத்தில் இத்தனை உயரக் குழாய்', 'இங்கிருந்து இத்தனை செங்கல் வரிசை' என்று ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே பைட் கொண்ட குறிப்பாக மாற்றினார்கள். மலை, மேகம், புதர் எல்லாம் மூன்று திரைக்கு ஒருமுறை தானாகத் திரும்ப வரும். அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. இதனால் 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் கட்டத்தின் முழு நில அமைப்பும் சுமார் 100 பைட்டில் முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது படிக்கும் இந்த ஒரு வாக்கியத்தை இன்றைய கணினியில் சேமிக்க அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கே மூன்று பைட் போகிறது.

நகரும் உருவங்களுக்கு வேறு சட்டம். அவற்றை ஸ்பிரைட் என்பார்கள். மொத்தம் 64 வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் போனால் மீதி தெரியாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் கண்சிமிட்டுவதுபோல மினுக்கும் அல்லவா? அதைப் பழுது என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது நிரலாளர்களின் சமாளிப்பு. ஒன்பதாவது உருவம் எப்போதும் காணாமல் போவதைவிட, ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆளை மாற்றி மறைத்தால் எல்லாரும் மினுக்கியபடியாவது தெரிவார்கள்.

இசையமைத்த கோஜி கொண்டோவுக்கும் இதே நெருக்கடி. சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பாட்டுக்கு இவ்வளவுதான். மரியோ குதிக்கும் ஓசைக்கும் தனியாகக் குரல் கிடையாது. அவன் குதிக்கும்போதெல்லாம் பாட்டின் ஒரு குரல் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு வழிவிடும். பலமுறை கேட்டவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்; காது அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

நம்மூரில் 90-களில் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் வந்தது நின்டெண்டோ என்ற பெயரே இல்லாத நகல் கருவிகளில்தான். டிவி வீடியோ கேம் என்போம், உள்ளே செருகுவது கேசட். 9999 ஆட்டங்கள் என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சில பத்து ஆட்டங்கள். அதே மரியோவை மூன்றாவது உலகத்தில் தொடங்கவைத்து வேறு பெயர் சூட்டுவார்கள். தொடங்கும் கட்டத்தின் எண்ணை மாற்றுவதற்கு ஓரிரு பைட் போதுமே. திரையில் வரும் ஆட்டப் பட்டியலின் கடைசிவரை பொறுமையாகப் போய்ப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அந்தக் கருவிகளோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். 1984-இல் வந்த 'டக் ஹன்ட்' ஆட்டத்தில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். குறி தப்பினால் கேலி செய்யும் நாயையும் சுட்டுப் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுகிறது என்றுதான் எல்லாரும் நம்பினோம். நடப்பது தலைகீழ். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒரு வில்லையும் ஒளியுணரியும் உண்டு. குதிரையை இழுத்ததும் திரை ஒரு ஃபிரேமுக்கு முழுக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கி முதலில் இருளையும் அடுத்து வெளிச்சத்தையும் பார்த்தால் குறி தப்பவில்லை என்று பொருள். இரண்டு வாத்துகள் பறந்தால் வெள்ளைச் சதுரம் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனி ஃபிரேமில் வரும். எந்த ஃபிரேமில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்குத்தான் இந்த மின்னல். கண்ணுக்கு ஒரு சிறு பளிச்சிடலாகத்தான் தெரியும்.

கறுப்புத் திரை எதற்கு? ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க. துப்பாக்கியை டிவிக்குப் பதிலாக எரியும் குண்டு பல்பின் பக்கம் திருப்பினால் எப்போதும் வெளிச்சம்தான் தெரியும். இருட்டாக இருக்க வேண்டிய ஃபிரேமிலும் வெளிச்சம் வந்தால் ஆட்டம் அதை ஏற்காது. இந்த ஏற்பாடு முழுவதும் பிக்சர் டியூப் டிவியை நம்பி நிற்கிறது. அதில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடி, ஒவ்வொரு ஃபிரேமையும் வந்த கையோடு வரைந்துவிடும். இன்றைய தட்டை டிவி, வந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அந்தச் சிறு தாமதத்துக்குள் ஆட்டம் துப்பாக்கியைக் கேட்டு முடித்திருக்கும். வெளிச்சம் வரும்போது கேட்க ஆளிருக்காது. பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி புது டிவியில் ஒரு வாத்தையும் வீழ்த்தாமல் போவதன் காரணம் இதுவே.

துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஷார்ப் கம்பெனியில் சூரிய மின்கலம் விற்றுவந்த மசாயுகி உவெமுரா, நின்டெண்டோவில் இருந்த குன்பெய் யோகோயைச் சந்தித்தார். சூரிய மின்கலம் என்பது அடிப்படையில் ஓர் ஒளியுணரி. வெளிச்சம் விழுந்தால் மின்சாரம். அதை இலக்கில் வைத்து, ஒளியடிக்கும் பொம்மைத் துப்பாக்கி செய்து 1970-இல் விற்றார்கள். அதில் துப்பாக்கி ஒளி தந்தது, இலக்கு பார்த்தது. டிவி வந்தபோது இரண்டும் இடம் மாறிக்கொண்டன. உவெமுரா பிறகு நின்டெண்டோவில் சேர்ந்து ஃபேமிகாமை வடிவமைத்தார். யோகோயோ 1965-இல் சீட்டுக்கட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்கு வந்தவர். பழகித் தேய்ந்து விலை மலிந்த தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. கால்குலேட்டரில் இருந்த திரவப் படிகத் திரையை எடுத்து 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' செய்தார். கட்டைவிரலால் நான்கு திசையும் அழுத்தும் சிலுவை வடிவப் பட்டன் 1982-இல் அந்த வரிசையில்தான் வந்தது. 1989-இல் வந்த கேம் பாயில் வண்ணம் கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும், பின்விளக்கும் இல்லை. போட்டிக் கருவிகள் வண்ணத்தோடு வந்து பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது என்றேன். 256 வந்தால் பைட் மறுபடி 0 ஆகிவிடும். 'டாங்கி காங்' ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் தருவது என்பதற்கு ஒரு சூத்திரம்: கட்ட எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டு. முதல் கட்டத்துக்கு 50, இரண்டாவதற்கு 60. 80-க்கு மேல் போனால் 80 என்று நிறுத்திக்கொள். 21-ஆவது கட்டம்வரை பிழையில்லை: 210-உம் 40-உம் 250. 22-இல் 220-உம் 40-உம் 260. பைட் நிரம்பி வழிந்து மிஞ்சுவது 4. 80-ஐத் தாண்டியதா என்று பார்க்கும் வரி, 4-ஐப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டுவிடும். பாவம், மரியோ ஏணியில் பாதி ஏறுவதற்குள் நேரம் முடிந்து செத்துவிழுவான். எத்தனை பெரிய கெட்டிக்காரர் விளையாடினாலும் நெடுங்காலம் அதற்கு மேல் போக முடியவில்லை.

'சூப்பர் மரியோ'வில் உயிர்களின் எண்ணிக்கையும் ஒரு பைட்தான். அதில் 127-ஐத் தாண்டிய எண்ணைச் செயலி எதிர்மறை எண்ணாகவும் படிக்கலாம். 3-1 கட்டத்தின் முடிவில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின் ஓட்டின்மேல் சரியான இடத்தில் குதித்துக்கொண்டே இருந்தால் உயிர் ஏறிக்கொண்டே போகும். பேராசைப்பட்டு 127-க்கு மேல் சேர்த்துவிட்டு ஒருமுறை செத்தால், கையிருப்பு எதிர்மறை என்று எண்ணி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மைனஸ் உலகம். 1-2 கட்டத்தின் கடைசியில் மரியோவைக் குறிப்பிட்ட விதமாகப் பின்னோக்கிக் குதிக்கவைத்தால் சுவரை ஊடுருவி, உலகம் தாண்டும் குழாய்கள் உள்ள அறைக்குள் போய்விடுவான். அங்கே முதல் குழாயில் இறங்கினால் திரையில் 'உலகம் -1' என்று வரும். தண்ணீருக்கடியில் ஒரு கட்டம். முடிவுக் குழாயில் நுழைந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிடும். சாவதைத் தவிர வெளியேற வழி இல்லை. நின்டெண்டோ ஒளித்துவைத்த ரகசிய உலகம் என்று எத்தனையோ பேர் நம்பினார்கள்.

அது ரகசியம் அல்ல, வெற்றிடம். டைல்களுக்கு எண் உண்டு என்று பார்த்தோம். இந்த ஆட்டத்தில் 0 முதல் 9 வரையான டைல்கள் அதே இலக்கங்கள். 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள் 26. அதற்கு அடுத்த 36-ஆவது டைல், ஒன்றும் வரையாத வெறும் கட்டம். உலகம் தாண்டும் அறையில் மூன்று குழாய்களுக்கு மேல் 4, 3, 2 என்று எழுதியிருக்கும். அந்த எண்கள் ஓர் அட்டவணையில் உள்ளன. திரையில் காட்ட வேண்டிய டைலும், கொண்டுபோக வேண்டிய உலகமும் ஒரே எண். ஒரு பைட்டுக்கு இரண்டு வேலை! 4-2 கட்டத்தில் இதேபோல ஓர் அறையில் 5-ஆம் உலகத்துக்கு ஒரே ஒரு குழாய்தான். எனவே அட்டவணையில் அதற்கு '36, 5, 36' என்று போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் எதுவும் எழுத வேண்டாம் என்று பொருள். சுவரை ஊடுருவி வரும் மரியோ சற்று முன்னதாகவே குழாயை அடைந்துவிடுவதால், 1-2-க்கான வரிசை அப்போது ஏற்றப்பட்டிருக்காது. இந்த 4-2 வரிசையே அங்கே இருக்கும். முதல் குழாயில் இறங்குபவனை ஆட்டம் 36-ஆம் உலகத்துக்கு அனுப்புகிறது. இருப்பதோ எட்டு உலகம். 36-ஐத் தேடி அட்டவணையின் எல்லை தாண்டிப் போய், அங்கே கிடைத்த ஏதோ ஓர் எண்ணை எடுத்துத் தண்ணீர்க் கட்டத்தைத் திறக்கிறது. தலைப்பில் '36-1' என்று எழுத முயல்கிறது. 36-ஆவது டைல் வெறுமை அல்லவா, நமக்குத் தெரிவது '-1'. எதிர்மறை எண் எங்கேயும் இல்லை. ஒருவர் இப்படி ஓர் உலகத்தை யோசித்து வடிவமைத்திருந்தால்கூட இவ்வளவு மர்மமாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கணக்குகளை எல்லாம் உடைத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கணினிப் பேராசிரியர்கள் அல்லர். ஆட்டத்தை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்று பந்தயம் வைத்து ஓடுபவர்கள். திரையின் மூலையில் 400-லிருந்து இறங்கும் நேரம் விநாடியே அல்ல, ஒரு எண் குறைய 24 ஃபிரேம், அதாவது 0.4 விநாடிதான் என்பது அவர்களுக்குப் பாலபாடம். அவர்களுக்குத் தலைவலி தருவது வேறொன்று. ஆட்டத்தின் சில கடிகாரங்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடுவதில்லை. 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் நகரும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது திறப்பது அந்தக் கடிகாரத்தைப் பொறுத்தது. எனவே ஒரு கட்டத்தில் 20 ஃபிரேம் மிச்சம்பிடித்தாலும் பலன் பூஜ்யமாகப் போகலாம். இன்னொரு ஃபிரேம் மிச்சம்பிடித்தால் 21-உம் சேர்ந்து கிடைக்கும். ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான இந்தக் கூறுகளை வாரி வாரிச் சேர்த்து, வெறும் கையால் முழு ஆட்டத்தையும் 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்துவிட்டார்கள். கடைசிக் கட்டமான 8-4-இல் மட்டும் இந்த விதி குறுக்கே வராது. அங்கே பாலத்தின் முனையில் இருக்கும் கோடரியை மரியோ தொட்ட ஃபிரேமிலேயே ஓட்டம் முடிந்துவிடும், அடுத்த கட்டம் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய கட்டங்களில் கூறு கூறாக மிச்சம்பிடிப்பவர்கள், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஒற்றை ஃபிரேமுக்காகச் சண்டை போடுகிறார்கள்.